வயர்லெஸ் உண்டுதான், யாரோடு விளையாடுவது?

சென்ற வாரம் அஸர் தொழுகை முடிந்து கடையில் வந்து அமர்ந்த சற்று நேரத்தில் ஒரு வாப்பாவும் மகனும் வந்தார்கள். மகன் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்தவர். "நானா, கையில வெச்சு விளையாடுற கேம் செட்ல எது நல்லம்? வயர்லெஸ் ஈக்கோணும், கூட்டாளிமாரோட சேர்ந்து விளையாடோணும் எண்டு சொல்றார்" என்று வாப்பா கேட்டார். மகன் கண்ணாடி அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன்னர் இதே கேள்விக்கு நான் கொடுத்த ஒரு பிழையான பதிலால் ஒரு தாயின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். இந்த வாரம் அதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன். இப்படியான கருவி ஒன்றை வாங்க இருக்கும் பெற்றோருக்கும், விற்கின்ற நமது சகோதரர்களுக்கும் பயன்படும்.

அப்போது எனது கடை வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்தது. தம்பி கொட்டாஞ்சேனையில் சிறிய கடை ஒன்று போட்டிருந்தார். ரேடியோ, கல்குலேட்டர், கைக்கடிகாரம், கேம் சாமான்கள்தான் எங்கள் சரக்கு. 2004ஆம் வருடக் கடைசியில் இரண்டு ஜப்பானியக் கம்பனிகள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன. நின்டென்டோ தனது டிஎஸ் கருவியை 2004 நவம்பர் 21ஆம் திகதி அமெரிக்காவில் 150 டொலருக்கு விட்டது. சொனி தனது பிஎஸ்பியை அதே வருடம் டிசம்பர் 12ஆம் திகதி ஜப்பானிலும், 2005 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டொலருக்கும் விட்டது. டொலர் ஏறத்தாழ நூறு ரூபாவாக இருந்த காலம் அது.

எங்கள் அலுமாரிக்கு இவை வந்த வழியே வேறு. எங்கள் ஆட்களுக்கு டுபாய், கட்டார் பக்கமிருந்து பிஎஸ்பி வந்தது. வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு லண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினர்கள் டிஎஸ் அனுப்பினார்கள். யாருக்கு எந்த ஊரில் மாமா இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு தெருவில் ஒரு சாதிக் கருவி பரவும். இதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தம் விளங்கவில்லை.

வியாபாரியின் கண்ணுக்கு பிஎஸ்பி தான் அழகு. 4.3 அங்குலத் திரை, படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், யூஎம்டி என்ற சிறிய தட்டில் 1.8 ஜிகாபைட் வரை அடங்கும். டிஎஸ் அதற்குப் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி மாதிரி இருக்கும். மூன்று அங்குலத்தில் இரண்டு திரை, கீழே உள்ளதைக் குச்சியால் தொடலாம், அவ்வளவுதான். ஆகவே எவர் வந்து கேட்டாலும் பிஎஸ்பியை எடுத்து முன்னால் வைப்பேன். இலாபமும் அதில்தான் கொஞ்சம் கூட.

2006இல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தன. அந்த வாரத்தில் ஒரு தாய் பத்து வயது மகனுடன் வந்தார். லண்டனில் இருக்கும் அவரது தம்பி பிள்ளைக்கென்று காசு அனுப்பியிருந்தார். அவர்கள் இருந்த தொடர்மாடியில் வேறு மூன்று பிள்ளைகள் கேம் கருவி வைத்திருந்தார்கள், இவனுக்கு மட்டும் இல்லை. "மற்றப் பிள்ளையளோட சேர்ந்து விளையாடலாமோ நானா?" என்று கேட்டார். "வயர்லெஸ் ஈக்குது தங்கச்சி, எல்லாரோடயும் விளையாடலாம்" என்று சொல்லி 28,000 ரூபாவுக்கு பிஎஸ்பியைக் கொடுத்தேன். கார் ஓட்டும் கேம் ஒன்று 4,000 ரூபா, அதையும் சேர்த்துப் பற்றுச்சீட்டு எழுதினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். பெட்டியைப் பையன் நெஞ்சோடு பிடித்திருந்தான், ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நானா, நீங்கள்தானே எல்லாரோடையும் விளையாடலாம் எண்டு சொன்னனீங்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையளின்ர பெட்டியில இவன்ர பேரே வருகுதில்லை. அவங்கள் மூண்டு பேரும் ஒண்டா இருந்து விளையாடுறாங்கள், இவன் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறான்" என்றார் தாய். அந்த மூன்று பேரிடமும் இருந்தது டிஎஸ்.

பிஎஸ்பி பழுதில்லை. டிஎஸ்ஸும் பழுதில்லை. பழுது எனது வாயில் இருந்தது. இரண்டு கருவியும் 802.11பி என்ற ஒரே வயர்லெஸ் முறையைத்தான் அடிப்படையாக வைத்திருந்தன. வீட்டு ரவுட்டரில் இருப்பதும் அதே குடும்பம்தான். ஆனால் ஒரே வீதியில் ஓடுவதாலேயே ஒரு பஸ்ஸின் டிக்கெட் மற்ற பஸ்ஸில் செல்லுமா? பக்கத்தில் வைத்து விளையாடும்போது டிஎஸ் நின்டென்டோவின் சொந்த முறையில் பேசும், பிஎஸ்பி சொனியின் முறையில் பேசும். ஒன்றின் காதில் மற்றது வெறும் இரைச்சல். போதாததற்கு, கேமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் 'வயர்லெஸ்' என்று அச்சிட்டிருந்தார்கள், அதை நான் 'எல்லாரோடும்' என்று மொழிபெயர்த்து விற்றுவிட்டேன்.

குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாது என்று சிறு வயதிலிருந்து ஓதிக்கொடுக்கப்பட்டிருக்கிறோம். தெரியாமல் விற்றாலும், தெரிய வந்த பிறகு நட்டம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிஎஸ்பியைத் திருப்பி எடுத்து, 17,500 ரூபாவுக்கு ஒரு டிஎஸ் லைட்டைக் கொடுத்து, மிச்சக் காசை எண்ணிக் கையில் கொடுத்தேன். கேமுக்கான 4,000 ரூபாவும் அதில் அடக்கம். உடைத்த பெட்டியைப் பின்னர் 21,000த்துக்குத்தான் தள்ள முடிந்தது. கேம் கார்ட் ஒன்றை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் பையன் முதன்முதலாக வாய் திறந்தான். "கார்ட் வேணாம் அங்கிள், அவங்களிட்ட இருக்கு, அது போதும்" என்றான். எனக்கு விளங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம்தான் பாடம் கேட்டேன்.

அவன் சொன்னது 'டவுன்லோட் பிளே' என்ற வசதி. நான்கு பேர் விளையாட நான்கு கார்ட் தேவையில்லை. ஒருவரிடம் கார்ட் இருந்தால், அவரது கருவி விளையாட்டின் ஒரு சிறு பகுதியை மற்றக் கருவிகளுக்குக் காற்றிலேயே அனுப்பும். மரியோ கார்ட் டிஎஸ் என்ற கார் ஓட்டும் கேமில் ஒரே கார்ட்டில் எட்டுப் பேர் வரை ஓடலாம். டெட்ரிஸ் டிஎஸ்ஸில் பத்துப் பேர். கார்ட் இல்லாதவருக்குச் சில குறைகள் உண்டு. மரியோ கார்ட்டில் அவருக்கு ஒரே ஒரு பாத்திரம்தான் கிடைக்கும், ஓடும் பாதைகளும் குறைவு. கருவியை நிறுத்தினால் வந்தது அழிந்துவிடும், மறுமுறை திரும்ப அனுப்ப வேண்டும்.

இதைச் சொனி ஏன் பெரிதாகச் செய்யவில்லை என்று கேட்கலாம். பிஎஸ்பியிலும் 'கேம் ஷெயரிங்' என்று ஒன்று இருந்தது, ஆனால் சில கேம்களில் மட்டும்தான். காரணத்தைக் கணக்குப் போட்டாலே தெரியும். டிஎஸ்ஸின் வேலை செய்யும் நினைவகம் நான்கே மெகாபைட். அதை நிரப்ப அதிக நேரம் எடுக்காது. ஆயிரக்கணக்கான மெகாபைட்டில் படமும் சத்தமும் நிரப்பிய பிஎஸ்பி தட்டை 32 மெகாபைட் நினைவகத்துக்குள் காற்றில் அனுப்புவதென்றால் எதை அனுப்புவது, எதை விடுவது? பெரிய கருவியின் பெருமையே இந்த இடத்தில் அதற்குப் பாரமாகிவிட்டது. சிறிய கருவி சிறியதாக இருந்ததால் பகிர்ந்து கொடுக்க முடிந்தது.

இப்போது ஒரு தெருவில் நான்கு பிள்ளைகள் என்று வைத்து எனது கடை விலையில் கணக்குப் பாருங்கள். நான்கு டிஎஸ் லைட் 70,000, ஒரு கார்ட் 3,500, மொத்தம் 73,500 ரூபா. நான்கு பிஎஸ்பி 1,12,000, ஆளுக்கொரு தட்டு என்று நான்கு தட்டு 16,000, மொத்தம் 1,28,000. ஐம்பத்தி நான்காயிரத்து ஐந்நூறு ரூபா வித்தியாசம். இந்தக் கணக்கை எந்தக் கம்பனியின் விளம்பரத்திலும் நான் காணவில்லை.

அதற்குப் பிறகு, கேம் கருவி கேட்டு வருபவரிடம் முதலில் "எந்த லேனில் இருக்கிறீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிட்ட என்ன ஈக்குது?" என்று கேட்கத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனையில் தம்பியும் அப்படியே செய்தார். அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. டிஎஸ் பத்து முதல் முப்பது மீற்றர் வரை எட்டும் என்று நின்டென்டோ சொல்லியிருந்தது. ஒரு வீட்டு மண்டபத்தில் இருந்து அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் விளையாட அது தாராளம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கொங்கிரீட் தட்டுக் குறுக்கே வரும். இரண்டு மாடி தள்ளினால் இணைப்பு அறுந்துபோகும், பிள்ளைகள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். படிக்கட்டில் சத்தம் என்று முறைப்பாடு வந்ததும் எனக்குத் தெரியும்.

பிஎஸ்பியைக் குறை சொல்லி முடித்துவிட்டால் அது அநியாயம். ரவுட்டர் எதுவும் இல்லாமல் பதினாறு பிஎஸ்பிகள் வரை நேரடியாக இணையலாம். அதன் உண்மையான பலத்தை ஜப்பானில் காட்டியது மொன்ஸ்டர் ஹன்டர் என்ற வேட்டை விளையாட்டு. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய மிருகத்தை வீழ்த்த வேண்டும். தனியாக முயன்றால் நாள் முழுக்கப் போகும். ஆகவே மாணவர்களும் வேலைக்குப் போகும் ஆட்களும் சாப்பாட்டுக் கடைகளில் கூடி விளையாடினார்கள். 2010 டிசம்பரில் வந்த அதன் ஒரு பாகம் நாற்பது இலட்சத்துக்கு மேல் போனது. ஆளுக்கொரு தட்டு வாங்க வேண்டிய அதே பிஎஸ்பி தான்! கூட்டாளி வைத்திருந்தான், ஆகவே இவனும் வாங்கினான். கடைசியில் டிஎஸ் குடும்பம் 15 கோடியே 40 இலட்சம் விற்றது. பிஎஸ்பி ஏறத்தாழ எட்டுக் கோடி. இரண்டாவதாக வந்ததைத் தோல்வி என்று சொல்ல எந்த வியாபாரிக்கும் வாய் வராது.

இவற்றுக்கு முன்னர் வயர்தான். 1989இல் வந்த கேம் போயில் இரண்டு கருவியை ஒரு கேபிளால் இணைத்து டெட்ரிஸ் விளையாடினார்கள். 1996இல் ஜப்பானில் போக்கிமொன் வந்தபோது பிராணிகளை மாற்றிக்கொள்ளவும் அதே கேபிள். நோக்கியா 2003இல் என்-கேஜ் என்று போனையும் கேமையும் ஒன்றாக்கி புளூடூத்தில் விளையாடலாம் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் கேமை மாற்ற பெட்டரியைக் கழற்ற வேண்டும்! அப்படியொரு சாமானை ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் எப்படி விளங்கப்படுத்துவது?

இணையத்தில் தூரத்து ஆட்களுடன் விளையாடும் வசதி இரண்டிலும் இருந்தது. நம் நாட்டில் 2005இல் வீட்டில் ஏடிஎஸ்எல் இணைப்பு வைத்திருந்தவர்கள் குறைவு. வைத்திருந்தவர்களுக்கும் ஒரு தலைவலி. டிஎஸ்ஸுக்கு டபிள்யூஈபி என்ற பழைய, எளிதில் உடைக்கக்கூடிய பூட்டுத்தான் தெரியும். பிள்ளை விளையாடுவதற்காக வீட்டு ரவுட்டரின் பூட்டையே தளர்த்த வேண்டியிருந்தது. பிஎஸ்பி 2005இலேயே மென்பொருள் புதுப்பிப்பு மூலம் அடுத்த பூட்டான டபிள்யூபிஏயைக் கற்றுக்கொண்டது, அந்த விடயத்தில் சொனிக்கே புள்ளி. நின்டென்டோ தனது டிஎஸ் இணையச் சேவையை 2014 மே 20ஆம் திகதி மூடிவிட்டது. கம்பனி மூடினால் அது மூடியதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவருடன் நேரடியாக விளையாடும் வழியை எவராலும் மூட முடியாது, அது கருவிக்குள்ளேயே இருக்கிறது.

இதன் பெறுமதியை எனக்குக் காட்டியது 2022. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாளுக்குப் பல மணி நேரம் இருட்டுத்தான். எனது தங்கச்சியின் பிள்ளைகள் மூவரும் அப்போது எங்கள் வீட்டில். ரவுட்டருக்குக் கரண்ட் இல்லை, ஆகவே டெலிபோனில் விளையாடும் கேம் ஓடவில்லை. மகன் எங்கேயோ தேடி அவர் சிறு வயதில் விளையாடிய டிஎஸ் லைட்டையும், விற்காமல் கிடந்த இரண்டு பழைய பெட்டிகளையும் கொண்டு வந்தார். கரண்ட் இருந்த நேரத்தில் சார்ஜ் போட்டு வைத்தார். ஒரு பெட்டரி ஊதிப்போயிருந்தது, அதை எறிந்துவிட்டு வேறு போட்டோம். கார்ட் ஒன்றுதான் இருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து மரியோ கார்ட் ஓட்டினார்கள். ரவுட்டர் இல்லை, சிம் இல்லை, சந்தா இல்லை. அந்த வாரம் கடையில் விற்பனை பூச்சியம், டொலர் எங்கே போய் நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வீட்டில் நல்ல செய்தி.

இப்போது பழைய பிஎஸ்பி, டிஎஸ் தேடி இளைஞர்கள் வருகிறார்கள். பாவித்த சாமான் வாங்குபவர்கள் சில விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த பிஎஸ்பி ஈ-1000 என்ற மலிவு மொடலில் வயர்லெஸ்ஸே கிடையாது. பார்வைக்கு மற்றதைப் போலத்தான் இருக்கும், மொடல் இலக்கத்தைப் பின்பக்கத்தில் வாசியுங்கள். பிஎஸ்பி கோ மொடலில் தட்டுப் போடும் இடம் இல்லை. மற்ற பிஎஸ்பிகளில் வயர்லெஸ்ஸுக்கென்று தனி சுவிட்ச் ஒன்று உண்டு, அதைப் போடாமல் "பழுது" என்று கொண்டு வந்தவர்கள் பலர். இரண்டு பிஎஸ்பியிலும் சனல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'ஓட்டோ', மற்றதில் 1 என்று இருந்தால் ஒன்றையொன்று காணாது. பழைய பூட்டுகள் மட்டுமே தெரிந்த இவை இன்றைய ரவுட்டரில் பெரும்பாலும் ஏறாது, ஆனால் பக்கத்துப் பக்கத்து விளையாட்டுக்கு அது தடையல்ல. பின்னர் வந்த 3டிஎஸ் கருவியும் டிஎஸ் கார்ட்டை ஏற்கும், டிஎஸ்ஸுடன் சேர்ந்தும் விளையாடும்.

புதிய சாமானுக்கு வருவோம். நின்டென்டோவின் சுவிட்ச் 2017இல் வந்தது. ரவுட்டர் இல்லாமல் எட்டுப் பேர் வரை சேரலாம். ஆனால் அதில் பொதுவாக ஆளுக்கொரு கேம் வாங்க வேண்டும். 2025 ஜூன் 5ஆம் திகதி வந்த சுவிட்ச் 2இல் 'கேம் ஷெயர்' என்று ஒரு வசதி. ஒருவரிடம் கேம் இருந்தால் பக்கத்தில் உள்ள மூன்று பேருக்குக் கொடுக்கலாம், அவர்களிடம் பழைய சுவிட்ச் இருந்தாலும் போதும். டிஎஸ்ஸில் விளையாட்டின் ஒரு பகுதியே மற்றவருக்குப் போனது. இதில் கேம் முதலாளியின் கருவியில் ஓட, படம் மட்டும் மற்றவர்களுக்குப் போகிறது. எல்லா கேமிலும் இந்த வசதி இல்லை, வாங்குமுன் கேட்க வேண்டும். சுவிட்ச் 2 அமெரிக்காவில் 450 டொலருக்கு வெளிவந்தது, டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 1,35,000. வரியும் வியாபாரியின் பங்கும் அதற்கு மேலே.

சொனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று 2023இல் ஒன்று வந்தது. இதைப் புதிய பிஎஸ்பி என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், விற்பவர்களும் இருக்கிறார்கள். அது தனியாக ஓடும் கருவி அல்ல. பிஎஸ்5 பெட்டியும் வைஃபையும் வேண்டும், அல்லது இணையத்தில் ஓட்டுவதற்குச் சந்தா கட்ட வேண்டும். கரண்ட் போனால் அதுவும் சும்மா கிடக்கும். ஸ்டீம் டெக் நல்ல பலமான கருவி, உண்மையில் ஒரு சிறிய கொம்பியூட்டர். ஆனால் இரண்டு ஸ்டீம் டெக்கைப் பக்கத்தில் வைத்தால் டிஎஸ்ஸைப் போலத் தாமாகச் சேராது. இரண்டும் ஒரே வைஃபைக்குள் இருக்க வேண்டும், கேமும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

வாப்பாவிடமும் மகனிடமும் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "கூட்டாளிமார் எத்தனை பேர், அவங்களிட்ட என்ன ஈக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவர் கையடக்கத் தொலைபேசியை எடுத்து இரண்டு பேருக்குப் பேசினார். ஒருவரிடம் சுவிட்ச் 2, மற்றவரிடம் பழைய சுவிட்ச். வாப்பாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பாவித்த பழைய சுவிட்ச் ஒன்றை எடுத்து, பெட்டரியைப் பார்த்து, வயர்லெஸ்ஸை எனது கடைக் கருவியுடன் இணைத்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். கேம் ஒன்றும் வாங்கவில்லை. "அவங்கள்ட ஈக்குது" என்றார் மகன்.